தந்தையின் தொழில்: தையல்

(நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தோழரைப் புகழ்ந்து பேச நாம் இங்கே கூடவில்லை. புகழ்ச்சி அவருக்குப் பிடிக்காது. அவர் நம்மிடம் விட்டுச் சென்ற கேள்விகள் பல. அவற்றில் ஒன்றை எடுத்து, முடிந்தவரை நேர்மையாகப் பேசிப் பார்ப்பதுதான் அவருக்குச் செய்யும் மரியாதை.

பள்ளி, கல்லூரி, விடுதி, உதவித்தொகை என்று எந்த விண்ணப்பத்தை எடுத்தாலும் அதில் ஒரு கட்டம் இருக்கும்: தந்தையின் தொழில். அந்தக் கட்டத்தின் முன்னால் நம் பேனா கொஞ்ச நேரம் நின்றிருக்கிறது. நம்மில் சிலர் 'கூலி' என்று எழுதினோம். சிலர் 'விவசாயம்' என்று எழுதினோம். நிலம் யாருடையது என்று படிவம் கேட்கவில்லை. சிலர் அப்பா செய்த வேலையின் பெயரை எழுதினால் சாதி தெரிந்துவிடும் என்று வேறு எதையோ எழுதினோம். தோழர் கேட்டது இதுதான்: "அந்தக் கட்டத்தில் நாம் எழுதாமல் விட்டதெல்லாம் எங்கே போயிற்று?"

இந்தக் கேள்விக்கு நம் கதையிலிருந்தே பதில் சொல்லலாம். ஆனால் நம் கதை என்று வந்துவிட்டால் கோபமோ கண்ணீரோ முந்திக்கொள்கிறது. அதனால் இன்று வேறு ஒரு மனிதரின் கதையை எடுத்துக்கொள்வோம். அவர் ஒரு புகைப்படக் கலைஞர். இருபதாம் நூற்றாண்டில் புகைப்படத்தைச் சோதனைக் கலையாக மாற்றியவர்களில் முதல் வரிசையில் இருப்பவர். பெயர் மேன் ரே. அது அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் இல்லை. அங்கிருந்துதான் நாம் தொடங்க வேண்டும்.

பெயர்

1890 ஆகஸ்ட் 27 அன்று அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் மூத்த மகனாகப் பிறந்தார் இம்மானுவேல் ராட்னிட்ஸ்கி. பெற்றோர் ரஷ்யப் பேரரசிலிருந்து வந்து குடியேறியவர்கள். 1897-இல் குடும்பம் நியூயார்க்கின் புருக்ளின் பகுதிக்கு, வில்லியம்ஸ்பர்க் என்ற இடத்துக்கு, வந்து சேர்ந்தது. அப்பா ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்தார். வீட்டிலும் சிறியதாக ஒரு தையல் தொழில் நடத்தினார். பிள்ளைகளும் அதில் கைகொடுக்க வேண்டும். வீட்டாருக்கு வேண்டிய உடைகளை அம்மா வடிவமைப்பார். மிச்சமாகும் துண்டுத் துணிகளை ஒட்டுப்போட்டுப் புதுப்புதுப் பொருள்கள் செய்வார். வீடே பட்டறை. இது நமக்குப் புதிய காட்சி இல்லை.

ஏன் தையல்? அவர்களுக்கு அது இயற்கையாக வாய்த்த திறமை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ரஷ்யப் பேரரசில் யூதர்கள் எங்கே குடியிருக்கலாம் என்பதற்கே எல்லை கட்டியிருந்தார்கள். 1882-இல் வந்த மே சட்டங்கள், அந்த எல்லைக்குள்ளும் கிராமங்களில் புதிதாகக் குடியேறவும் நிலம் வாங்கவும் தடை போட்டன. நிலம் மறுக்கப்பட்டவர்களுக்கு, எந்த ஊருக்கும் கையோடு எடுத்துப் போகக்கூடிய தொழில்தான் மிஞ்சும். ஊசி, நூல், கத்தரிக்கோல். அந்தக் கத்தரிக்கோலோடுதான் அவர்கள் கப்பல் ஏறினார்கள். நியூயார்க்கில் இறங்கியதும் ஆடைத் தொழிற்சாலைகள் அவர்களைக் குறைந்த கூலிக்கு வாரி எடுத்துக்கொண்டன. ஒரு சமூகத்தின் 'பரம்பரைத் தொழில்' எப்படி உருவாகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டியதில்லை. முதலில் மற்ற கதவுகளை மூடுவார்கள். திறந்திருக்கும் ஒரு கதவைக் காட்டி, இதுதான் உன் இயல்பு என்பார்கள்.

1912-இல் ராட்னிட்ஸ்கி குடும்பம் தன் பெயரை 'ரே' என்று மாற்றிக்கொண்டது. யூத வெறுப்பும் குடியேறிகள் மீதான பாகுபாடும் மிகுந்திருந்த காலம் அது. பெயரைக் கேட்டதும் முகம் மாறும் ஊரில், முகம் மாறாத ஒரு பெயரை அவர்கள் தேர்ந்தெடுத்தார்கள். இம்மானுவேலை வீட்டில் 'மேன்னி' என்று கூப்பிடுவார்கள். அதையும் சுருக்கி 'மேன்' ஆக்கினார். மேன் ரே. ஆங்கிலத்தில் மனிதன், ஒளிக்கதிர் என்ற இரண்டு சொற்கள். அந்தப் பெயரில் ஊர் இல்லை, மதம் இல்லை, அப்பா இல்லை.

பிற்காலத்தில் தனக்கு வேறு ஒரு பெயர் இருந்தது என்பதையே அவர் ஒப்புக்கொள்ள விரும்பவில்லை. குடும்பப் பின்னணி பற்றிக் கேட்டால் தட்டிக்கழித்தார். 1963-இல் தன்வரலாறு எழுதி வெளியிட்டார். அந்தப் பெரிய புத்தகத்தில் பாரிஸின் பிரபலங்கள் எல்லோரும் வருகிறார்கள். ராட்னிட்ஸ்கி என்ற பெயர் வரவில்லை.

இதைக் கேட்டதும் அவர்மீது கோபப்பட வேண்டாம் என்று மாணவ நண்பர்களைக் கேட்டுக்கொள்கிறோம். நகரத்தில் வாடகைக்கு வீடு தேடும்போது ஊர்ப்பெயரைச் சொல்லலாமா, தெருப்பெயரைச் சொல்லலாமா என்று யோசித்தவர்கள் இந்த அவையில் இருக்கிறோம். மறைத்தவரை நோக்கிக் கேள்வி கேட்பது எளிது. மறைக்க வைத்தவர்களை நோக்கித்தான் கேள்வி போக வேண்டும்.

வெட்டுத்துணி

இம்மானுவேல் பள்ளியில் ஓவியத்திலும் தொழில்நுட்ப வரைபடத்திலும் கெட்டிக்காரர். கட்டடக்கலை படிக்க உதவித்தொகை கிடைக்கும் வாய்ப்பு வந்தது. அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஓவியனாகப் போகிறேன் என்றார். ஒரு தையல்காரர் வீட்டில் இந்தப் பேச்சு என்ன கலக்கத்தை உண்டாக்கியிருக்கும் என்று நம்மால் ஊகிக்க முடியும். கட்டடக்கலை என்றால் மாதச் சம்பளம். ஓவியம் என்றால் பட்டினி. பெற்றோர் வருந்தினார்கள். ஆனால் ஒன்று செய்தார்கள். அந்தச் சின்ன வீட்டில் இடத்தை ஒதுக்கி மாற்றி, மகனின் அறையை அவன் படம் வரையும் அறையாக்கிக் கொடுத்தார்கள். அவர் பிழைப்புக்காக நியூயார்க் நிறுவனங்களில் விளம்பரப் படங்களும் வரைபடங்களும் வரைந்தார். மாலையில் பெரார் மையத்தின் ஓவிய வகுப்புக்குப் போனார். அரசையும் முதலாளியையும் ஏற்காத அராஜகவாதிகள் நடத்திய மையம் அது. எம்மா கோல்ட்மேன் நடத்திய 'மதர் எர்த்' இதழுக்கு 1914-இல் அட்டைப்படம் வரைந்து கொடுத்தவர் இவர்தான்.

அவருடைய தொடக்ககாலப் படைப்புகளில் ஒன்று 1911-இல் செய்தது. இப்போது பாரிஸின் பொம்பிது மையத்தில் இருக்கிறது. பெயர் 'திரைச்சீலை'. ஆளுயரத்துக்கு இருக்கும் அது வரைந்த படம் இல்லை, தைத்த படம். தையல்கடையில் வாடிக்கையாளருக்குக் காட்ட வைத்திருக்கும் மாதிரித் துணித் துண்டுகள், கறுப்பும் சாம்பலுமாக நூற்றுக்கு மேல், சதுரம் சதுரமாக இணைக்கப்பட்டிருக்கின்றன. அம்மா செய்த ஒட்டுப்போர்வையும் அப்பாவின் கடைத் துணியும் சேர்ந்து மகனின் கலையாகச் சுவரில் ஏறிவிட்டன. அப்போது அவர் இன்னும் ராட்னிட்ஸ்கிதான்.

அதே 1911-ஆம் ஆண்டு மார்ச் 25 அன்று நியூயார்க்கில் டிரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலை தீப்பற்றியது. 146 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் இளம்பெண்கள், யூத, இத்தாலியக் குடியேறிகள். வெளியேறும் கதவு ஒன்று பூட்டியிருந்தது. வெட்டுமேசைக்கு அடியில் இருந்த வெட்டுத்துணித் தொட்டியில்தான் தீ தொடங்கியிருக்க வேண்டும் என்று விசாரணை முடிவு சொன்னது. அந்தத் தீயை நினைத்து மேன் ரே திரைச்சீலையைத் தைத்தார் என்று நாம் சொல்ல வரவில்லை. அதற்குச் சான்று இல்லை. ஆனால் ஒரே நகரத்தில், ஒரே ஆண்டில், ஒரே வகைத் துண்டுத்துணி ஓரிடத்தில் கலையாகவும் இன்னோரிடத்தில் கொள்ளியாகவும் இருந்தது என்பதை நாம் மறக்கக் கூடாது. கலைக்கூடத்தின் சுவரில் முதலாவதைப் பார்ப்பவர்கள் இரண்டாவதையும் நினைக்க வேண்டும் என்பதற்குத்தான் நம்மைப் போன்ற அமைப்புகள் இருக்கின்றன.

1916-இல் அவர் வரைந்த ஒரு பெரிய ஓவியம் உண்டு. கயிற்றின்மேல் நடனமாடும் பெண் தன் நிழல்களைத் தானே துணைக்குக் கொண்டு ஆடுவதைப் பற்றியது. ஆட்டக்காரியின் உருவத்துக்காக வண்ணக் காகிதங்களை வெட்டி வெட்டிப் பார்த்தார், மனம் நிறையவில்லை. கீழே குனிந்தால், வெட்டி எறிந்த மிச்சத் துண்டுகள் தரையில் விழுந்து தாமாகவே ஓர் அமைப்பாகக் கிடந்தன. அவற்றையே ஓவியத்துக்கு எடுத்துக்கொண்டார். அவைதான் அந்தப் பெண்ணின் நிழல்கள். வெட்டிய பின் தரையில் என்ன மிஞ்சிக் கிடக்கிறது என்று குனிந்து பார்க்கும் பழக்கம் ஓவியப் பள்ளியில் கிடைப்பதில்லை. தையல்காரர் வீட்டுப் பிள்ளைக்கு அது கூடவே வளர்ந்த பழக்கம்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். 1913 முதல் 1916 வரை நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்தார் நம் அண்ணல். 1916 மே 9 அன்று மானிடவியல் அறிஞர் கோல்டன்வைசர் நடத்திய கருத்தரங்கில் இந்தியாவின் சாதிகள் பற்றிய தன் கட்டுரையை வாசித்தார். அந்தக் கோல்டன்வைசரும் ரஷ்யப் பேரரசின் கீவ் நகரில் பிறந்து அமெரிக்கா வந்தவர். அண்ணலும் மேன் ரேயும் சந்தித்ததாக எந்தப் பதிவும் இல்லை. அப்படி ஒரு கற்பனை நமக்குத் தேவையும் இல்லை. ஆனால் பிறப்பு ஒட்டவைத்த அடையாளத்தை ஒருவர் ஆய்வால் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், அதே நகரத்தின் பக்கத்தில், இன்னொருவர் அதைக் கத்தரிக்கோலால் வெட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆணி வைத்த இஸ்திரிப்பெட்டி

1920-இல் மேன் ரே ஒரு தையல் இயந்திரத்தை எடுத்தார். இராணுவக் கம்பளியால் மூடினார். கயிற்றால் சுற்றிக் கட்டினார். அந்த மூட்டையைப் படம் எடுத்தார். 1924-இல் மிகையதார்த்தவாதிகள் பாரிஸில் தொடங்கிய இதழின் முதல் எண்ணில் அந்தப் படம் வெளியானது. பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கவிஞர் ஒருவர் தையல் இயந்திரத்தை வைத்துச் சொன்ன விசித்திரமான உவமைக்கு இது மரியாதை என்று கலை வரலாற்றில் எழுதுவார்கள். அது உண்மைதான். ஆனால் நமக்கு வேறொன்றும் தெரிகிறது. அப்பாவின் தையல் இயந்திரத்தை யாருக்கும் தெரியாமல் மூடிக் கட்டிவைத்த ஒரு மகன், அந்த மூட்டையைத் தூக்கி எறியாமல் நடுவீட்டில் வைத்து, உள்ளே என்ன இருக்கிறது சொல்லுங்கள் என்று உலகத்தைக் கேட்கிறார்.

1921-இல் பாரிஸ் போனார். அந்த டிசம்பரில் அங்கே முதல் கண்காட்சி. திறப்பு நாளன்று இசையமைப்பாளர் எரிக் சாட்டியோடு வெளியே போனவர், ஒரு கடையில் இஸ்திரிப்பெட்டி வாங்கினார். சிறிய ஆணிகளும் பசையும் வாங்கினார். பெட்டியின் அடிப்பக்கத்தில் 14 ஆணிகளை ஒரே வரிசையில், கூர்முனை வெளியே இருக்கும்படி ஒட்டினார். 'அன்பளிப்பு' என்று பெயர் வைத்துக் கண்காட்சியில் சேர்த்துவிட்டார். அன்று மாலைக்குள் யாரோ அதைத் திருடிக்கொண்டு போய்விட்டார்கள். இன்று அருங்காட்சியகங்களில் இருப்பவை பிறகு செய்த பிரதிகள்.

துணியைத் தேய்க்க வேண்டிய பெட்டி துணியைக் கிழிக்கிறது. மேல்நாட்டு விமர்சகர்கள் இதை நகைச்சுவை என்பார்கள், விபரீதம் என்பார்கள். இஸ்திரிப்பெட்டியைப் பயன்படுத்துபவருக்கு அது ஒரு பொருள். அதைத் தள்ளித் தள்ளித் தோள் தேய்ந்தவருக்கு அது வேறு பொருள். நம் ஊரில் அந்தப் பெட்டியைத் தள்ளும் கை எந்தத் தெருவைச் சேர்ந்தது என்று நமக்குத் தெரியும். மாற்றார் சட்டையின் சுருக்கத்தை நீக்கியே வாழ்நாள் கழிந்த ஒரு குடும்பத்தின் பிள்ளை, அந்தக் கருவி ஒருநாள் சொன்ன வேலையைச் செய்யாமல் நின்றால் எப்படி இருக்கும் என்று யோசித்திருக்கிறான். இது நம் வாசிப்பு. ஆனால் இப்படி வாசிக்க நமக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறோம்.

இருட்டறை

மேன் ரே கேமரா வாங்கியது தன் ஓவியங்களைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளத்தான். பாரிஸில் அதுவே பிழைப்பானது. மற்ற ஓவியர்களின் படைப்புகளைப் படம் எடுத்துக் கொடுத்தார். எழுத்தாளர்களையும் பணக்காரர்களையும் உருவப்படம் எடுத்தார். பால் புவாரே என்ற புகழ்பெற்ற ஆடை வடிவமைப்பாளருக்காக உடைகளைப் படம் எடுத்தார். பின்னாளில் வோக், ஹார்ப்பர்ஸ் பஜார் போன்ற ஆடை அலங்கார இதழ்களுக்கும் எடுத்தார். தையல்கடையிலிருந்து ஓடியவரைத் துணியே துரத்திப் பிடித்து, சோறு போட்டது.

1922-இல் ஓர் இரவு புவாரேவுக்கான படங்களை இருட்டறையில் கழுவிக்கொண்டிருந்தார். ஒளி படாத தாள் ஒன்று தவறுதலாக டெவலப்பர் தட்டில் விழுந்துவிட்டது. உருவம் எதுவும் வராமல் கிடந்த தாள் வீணாகிறதே என்ற எரிச்சலில், பக்கத்தில் கிடந்த கண்ணாடிப் புனல், அளவுக் குவளை, வெப்பமானி ஆகியவற்றை அதன்மேல் வைத்து விளக்கைப் போட்டார். தாளில் உருவம் எழத் தொடங்கியது. பொருள் மறைத்த இடம் வெள்ளை. ஒளி பட்ட இடம் கறுப்பு. கண்ணாடி வழியே ஒளி வளைந்து போன இடமெல்லாம் சாம்பலின் பல நிறங்கள். கேமரா இல்லை, நெகட்டிவ் இல்லை. அதனால் ஒவ்வொரு படமும் ஒன்றே ஒன்றுதான், பிரதி கிடையாது. அதற்குத் தன் பெயரையே வைத்து 'ரேயோகிராப்' என்றார். அதே ஆண்டில் 12 ரேயோகிராப்கள் கொண்ட தொகுப்பு 40 படிகள் மட்டும் வெளியானது.

இந்த முறையை அவர்தான் கண்டுபிடித்தார் என்று சொல்லக் கூடாது. புகைப்படத்தின் தொடக்ககாலத்திலேயே இங்கிலாந்தின் டால்பட் பின்னல்துணியையும் இலைகளையும் தாள்மேல் வைத்து இப்படிப் பதித்திருக்கிறார். 1843-இல் அன்னா அட்கின்ஸ் என்ற பெண் கடற்பாசிகளைப் பதித்துப் புத்தகமாகவே வெளியிடத் தொடங்கினார். மேன் ரே செய்தது, அதை ஒரு கலைமொழியாக்கியது. அன்றாடப் பொருள்கள் அதில் அடையாளம் தெரியாத நிழல்களாக மாறின. சாவி, நூற்கண்டு, சீப்பு, கம்பிச்சுருள் எல்லாம் இருந்தன. இல்லாதது போலவும் இருந்தன.

தையல்கடையில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு இந்த முறை அந்நியமாகப் படாது. தையல்காரர் துணியை விரிப்பார். வெட்டிவைத்த அட்டையை அதன்மேல் வைப்பார். ஓரத்தை ஒட்டிச் சாக்கட்டியால் கோடு இழுப்பார். அட்டையை எடுத்தால், வராத ஒரு மனிதரின் தோளும் கையும் துணியில் வெள்ளைக் கோடாக இருக்கும். ரேயோகிராபும் அதுதான். தாளை விரி, பொருளை வை, ஒளியால் ஓரம் வரை, பொருளை எடு. 1923-இல் எடுத்த முதல் திரைப்படத்திலும் இதைச் செய்தார். திரைச்சுருளை விரித்துவைத்து, உப்பும் மிளகும் தூவி, குண்டூசிகளையும் ஆணிகளையும் பரப்பி ஒளி காட்டினார். அந்தக் குண்டூசி எந்த வீட்டிலிருந்து வந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. பெயரை மாற்றலாம். கையை மாற்ற முடியவில்லை.

2009-இல் நியூயார்க்கின் யூத அருங்காட்சியகம் மேன் ரேக்கு ஒரு பெரிய கண்காட்சி நடத்தியது. அதன் தலைப்பே அவருடைய மாற்றுப்பெயரைப் பற்றியது. ஆள் இறந்து 33 ஆண்டுகள் கழித்து, மூட்டையின் கயிற்றை அவிழ்த்துப் பார்த்தார்கள். உள்ளே தையல் இயந்திரம் இருந்தது.

யாருடைய பெயர் இல்லை

இத்தோடு நிறுத்தினால் இது ஒரு வெற்றிக்கதை. ஆனால் மறைத்தவரைப் பற்றிப் பேசும்போது, அவர் படத்தில் மறைந்துபோனவர்களைப் பற்றியும் பேச வேண்டும்.

1926-இல் அவர் எடுத்த 'கறுப்பும் வெள்ளையும்' உலகப் புகழ்பெற்ற படம். ஒரு வெள்ளைப் பெண்ணின் முகமும் ஆப்பிரிக்க முகமூடி ஒன்றும் அடுத்தடுத்து இருக்கும். அது முதலில் வெளியானது ஓர் ஆடை அலங்கார இதழில். அழகான படம்தான். ஆனால் அந்த முகமூடி வடிவம் யார் கையில் பிறந்தது, எந்தச் சடங்குக்கு உரியது என்ற கேள்வி படத்துக்குள் இல்லை. ஆப்பிரிக்காவின் பெரும்பகுதி ஐரோப்பியரின் காலனியாக இருந்த காலத்தில், அதன் சிற்பிகளின் கைத்திறன் பாரிஸில் அலங்காரப் பொருளாகக் கிடந்தது. தன் அப்பாவின் கைத்தொழிலை மூட்டை கட்டி மறைத்தவர், இன்னொரு சமூகத்தின் கைத்தொழிலைப் பெயரில்லாமல் எடுத்துப் பயன்படுத்தினார்.

படத்தில் இருக்கும் பெண் கிகி. இயற்பெயர் ஆலிஸ் பிரின். வறுமையில் பாட்டியிடம் வளர்ந்து, சிறு வயதிலேயே வேலைக்குப் போனவர். தானும் ஓவியம் வரைந்தவர். 1929-இல் தன் வாழ்க்கையை எழுதி வெளியிட்டவர். அவர் முதுகை வயலினாக மாற்றி மேன் ரே எடுத்த 1924-ஆம் ஆண்டுப் படம் 2022-இல் ஏலத்தில் 1.24 கோடி டாலருக்குப் போனது. அன்றுவரை ஏலத்தில் எந்தப் புகைப்படமும் அந்த விலைக்குப் போனதில்லை. கிகி 1953-இல் வறுமையில் இறந்தார்.

இருட்டறையில் அவருக்கு உதவியாளராகச் சேர்ந்து, துணையாகவும் இருந்தவர் லீ மில்லர். படம் கழுவும்போது திடீரென்று விளக்கைப் போட்டால் உருவத்தின் ஓரங்களில் கறுப்பும் வெள்ளையும் இடம் மாறி ஒளிவட்டம் போலத் தெரியும். இந்த முறை மேன் ரேயின் முத்திரையாகவே அறியப்பட்டது. 1929 வாக்கில் இருட்டறையில் காலில் ஏதோ ஊர்ந்ததென்று பதறி விளக்கைப் போட்டது தான்தான் என்று மில்லர் பிறகு சொன்னார். இருவரும் சேர்ந்து வளர்த்த முறைக்கு நெடுங்காலம் ஒருவர் பெயர்தான் இருந்தது. அந்த மில்லர்தான் போர்ச் செய்தியாளராகி, 1945-இல் புக்கன்வால்ட், டாஹவ் வதைமுகாம்களுக்குள் கேமராவோடு நுழைந்தார். பெயரைக் கேட்டு முகம் மாறுவதில் தொடங்குவது எங்கே போய் முடியும் என்பதை அந்தப் படங்கள் உலகத்துக்குக் காட்டின. பெயர் மாற்றிய மகன் அப்போது ஹாலிவுட்டில் இருந்தார். ஜெர்மானியர் பாரிஸைப் பிடித்த 1940-இல் அவரும் தப்பித்து அமெரிக்கா வந்திருந்தார்.

ஒடுக்கப்பட்ட பின்னணியிலிருந்து வந்ததாலேயே ஒருவரின் கண் எல்லோருக்கும் நியாயம் செய்துவிடும் என்று சொல்ல முடியாது. இதை வெளியே இருப்பவர்களைவிட நாம் நமக்கே சொல்லிக்கொள்ள வேண்டும். நம் படங்களிலும் எழுத்துகளிலும் நம் பெண்களின் உழைப்பு யார் பெயரில் வருகிறது? நமக்கும் கீழே என்று ஊர் தள்ளி வைத்திருக்கும் சமூகத்தவரை நாம் எப்படிப் படம் எடுக்கிறோம்?

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

கடைசியாக ஓர் எச்சரிக்கை. இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, 'பார்த்தீர்களா, குலத்தொழிலில்தான் கலை இருக்கிறது, அதை விடாதீர்கள்' என்று சொல்ல ஒரு கூட்டம் தயாராக இருக்கிறது. 1953-இல் சென்னை மாகாணத்தில் அரைநாள் பள்ளி, மீதி நேரம் பெற்றோரின் தொழில் என்று ஒரு திட்டம் வந்தது. குலக்கல்வி என்று அதற்குச் சரியான பெயர் வைத்து எதிர்த்தார்கள்; 1954-இல் காமராஜர் ஆட்சியில் அது ஒழிந்தது. 2023-இல் ஒன்றிய அரசின் விஸ்வகர்மா திட்டம் வந்தது. அதன் பட்டியலில் உள்ள 18 தொழில்களில் தையலும் உண்டு, சலவையும் உண்டு, செருப்புத் தைப்பதும் உண்டு. குடும்பவழித் தொழிலைத் தூக்கிப் பிடித்ததால் அதையும் இங்கே எதிர்த்தோம். எதிர்த்தது சரி.

மேன் ரேயின் கதை அவர்களுக்கு உதவாது. அந்த மனிதர் தையல்கடையில் உட்கார்ந்திருந்தால் அந்தக் கத்தரிக்கோல் கலையாகியிருக்காது. அவருக்கு ஓவியம் சொல்லித்தரும் பள்ளி இருந்தது, மாலை வகுப்பு இருந்தது, வேறு வேலைக்குப் போகும் வழி இருந்தது. கதவு திறந்திருந்ததால்தான் வெளியே போனார். வெளியே போன பிறகுதான் திரும்பிப் பார்த்து, வேண்டியதை எடுத்துக்கொள்ள முடிந்தது. சாதி ஒருவரை வேறு தொழிலுக்கு மாற விடுவதில்லை, அதனாலேயே வேலையின்மைக்கும் காரணமாகிறது என்று அண்ணல் 1936-இல் விளக்கினார். ஒரு கதவைத் தவிர எல்லாவற்றையும் பூட்டிவிட்டு, அந்த ஒரு கதவின் வேலைப்பாட்டைப் புகழ்வதுதான் குலத்தொழில் பெருமை.

இன்னொரு வேறுபாட்டையும் மறக்கக் கூடாது. ராட்னிட்ஸ்கி 'ரே' ஆனதும் நியூயார்க் அவரை உள்ளே விட்டது. நம் ஊரில் பெயரை மாற்றினாலும் தாத்தா பெயர் கேட்பார்கள். தாத்தா பெயர் சொன்னால் எந்தத் தெரு என்று கேட்பார்கள். தப்பித்துப் போவது இங்கே தனி ஆளுக்குக்கூட முழுதாக முடியாது. அதனால்தான் நமக்கு அமைப்பு வேண்டியிருக்கிறது, இயக்கம் வேண்டியிருக்கிறது.

இந்த விவாதம் நம்மிடையே புதிதும் இல்லை. சாவுக்குப் பறையடிக்க மாட்டோம் என்று பறையை வீசியவர்களும் நம்மவர்கள். அதே பறையை எடுத்து விடுதலைக் கலை என்று மேடையில் அடித்தவர்களும் நம்மவர்கள். இரண்டு பேரையும் எதிரெதிராக நிறுத்திப் பலர் பேசுகிறார்கள். நாம் அப்படிப் பார்க்கவில்லை. வீசும் உரிமை கிடைத்த பிறகுதான், எடுப்பது கலையாகிறது. வீச முடியாத கையில் இருக்கும்வரை அது ஊழியம்.

தோழர் கேட்ட கேள்விக்கு வருவோம். அந்தக் கட்டத்தில் நாம் எழுதாமல் விட்டதெல்லாம் எங்கே போயிற்று? மேன் ரேயின் வாழ்க்கை சொல்லும் பதில்: எங்கும் போகவில்லை, கையில் இருக்கிறது. அப்பா தோல் பதப்படுத்தியதைப் பார்த்த கண்ணுக்கு நிறத்தின் படிநிலைகள் தெரியும். அம்மா நாற்று நட்டதைப் பார்த்த கண்ணுக்கு இடைவெளியின் அளவு தெரியும். அது சாதி கொடுத்த பரிசு இல்லை; சாதியை மீறி அவர்கள் தம் உழைப்பால் சேர்த்த அறிவு. சாதி அதற்குக் கூலியும் கொடுக்கவில்லை, மரியாதையும் கொடுக்கவில்லை. அந்த அறிவுக்கு உரிமையாளர்கள் நாம்தான்.

கேமராவோ பேனாவோ கையில் எடுக்கும் மாணவ நண்பர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறோம். அப்பாவின் தொழிலைச் செய்யாதீர்கள். படியுங்கள், வெளியே போங்கள், விரும்பியதைச் செய்யுங்கள். ஆனால் அடுத்த முறை வீட்டுக்குப் போகும்போது, அவர் வேலை செய்யும் இடத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து அவர் கையைப் பாருங்கள். என்ன செய்கிறார், ஏன் அப்படிச் செய்கிறார் என்று கேளுங்கள். குறித்து வையுங்கள். அவர் பெயரோடு, அம்மாவின் பெயரோடு குறித்து வையுங்கள். மேன் ரே 86 வயது வரை வாழ்ந்து 1976-இல் பாரிஸில் இறந்தார். அவர் அப்பாவின் பெயர் மேக்ஸ், அம்மாவின் பெயர் மின்னி. இருவரையும் இந்த மேடையில் பெயர் சொல்லி அழைத்து முடிக்கிறோம்.